ஒழுகாத கூரை

மீராசாஹிபு ஓடாவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாரி தொடங்கி முதல் மழை விழுந்தால் போதும், எந்த வீட்டுக் கூரையில் வேலையாக நின்றாலும் இறங்கி வந்து தங்கச்சி றுஸ்தாவுக்குப் போன் அடிப்பார். அவள் ஸலாமுக்குப் பதில் சொல்லி முடிக்கும் முன்பே, "எப்பிடி தங்கச்சி, ஒழுகுதா?" என்று கேட்பார். "இல்ல காக்கா" என்பாள் அவள். "அப்ப சரி" என்று வைத்துவிடுவார். போன் இல்லாத காலத்தில் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்து, வாசலில் நின்றபடி கேட்டுவிட்டு, ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்காமல் திரும்பிப் போனவர். இருபத்தைந்து வருஷமாக ஒரே கேள்வி, ஒரே பதில். றுஸ்தாவின் மாப்பிள்ளை றம்ஸீன் மாஸ்டர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "ஒங்கட காக்கா என்னை நம்பிப் பொண்ணு தரல்ல, இந்தக் கூரையை நம்பித்தான் தந்திரிக்கார்" என்று பகிடி பண்ணுவார்.

அதில் பாதி உண்மையும் இருந்தது. கிழக்கிலங்கையின் கல்முனைக் கரை ஊர்களில் முஸ்லிம் பெண்கள் கலியாணம் முடித்துப் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். அந்த வீட்டைக் கட்டி வைப்பது பெண்ணைப் பெற்றவரின் பொறுப்பு. பெற்றவர் இல்லையென்றால் பாரம் அண்ணன்மாரான காக்காமாரின் தலையில் ஏறும். றுஸ்தாவுக்கு எட்டு வயதில் வாப்பா மவுத்தானார். மீராசாஹிபுவுக்கு அப்போது இருபத்தொன்று, ஓடாவி வேலையில் உளி பிடிக்கப் பழகியிருந்தார். பிறகு பன்னிரண்டு வருஷம், ஊராரின் வீடுகளுக்குப் பகலில் கூரை போட்டுவிட்டு, பின்னேரங்களிலும் வெள்ளிக்கிழமைகளிலும் மருதமுனையில் தங்கச்சியின் வீட்டைக் கல் கல்லாக எழுப்பினார். கூட்டாளிமாரெல்லாம் மாப்பிள்ளையாகி, பிள்ளைகுட்டியாகி, தொப்பையும் வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் சிமெந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார். தங்கச்சியைக் கரை சேர்த்த பிறகுதான், முப்பத்துமூன்று வயதில், கல்முனைக்குடியில் ஆகிலாவைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டுக்குப் போனார். அந்த வீடு ஆகிலாவின் வாப்பா கட்டியது. வாழ்நாள் முழுக்க வீடு கட்டிய மனுஷன் தனக்கென்று ஒரு வீடு கட்டவே இல்லை. பிள்ளைகளையும் அல்லாஹ் கொடுக்கவில்லை.

றுஸ்தாவின் வீட்டுக்கு ஓடு போட வசதி காணவில்லை. அஸ்பெஸ்டஸ் சீட்தான் போட்டார். அந்தச் சீட் அறுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருபது வயது அவளுக்கு. வளவுக்குள் இரண்டு நீள மர வாங்குகளைப் போட்டு, அவற்றின் மேல் சீட்டைக் கிடத்தி, காக்கா கைவாளால் அறுக்க, அவள் மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைத் தூள் மாவாகப் பறந்தது. காக்காவின் தலை, புருவம், மீசையெல்லாம் நரைத்துவிட்டது. "காக்கா கிழவனாகிட்டீங்க, இனி ஒங்கள ஆரு மாப்பிள்ளை கேக்கப்போறா?" என்று அவள் சிரிக்க, அவரும் சிரித்து, சிரித்ததில் தூளை விழுங்கி இருமி, அவளையும் இருமப் பண்ணி, இரண்டு பேரும் கிணற்றடியில் முகம் கழுவினார்கள். அவளுடைய வாழ்க்கையில் அப்படிச் சிரித்த நாட்கள் அதிகம் இல்லை.

சுனாமிக்குப் பிறகு ஊரில் வீடுகள் திரும்ப எழும்பியபோது இரண்டு வருஷம் மீராசாஹிபு தரையில் நின்றதைவிடக் கூரையில் நின்றதுதான் அதிகம். கைவாள் போய் கிரைண்டர் வந்தது. வேலை சுறுக்காக நடந்தது, தூளும் சுறுக்காகப் பறந்தது. வெயிலுக்குத் தலையில் துவாய் கட்டினார். மூக்கில் எதையும் கட்டவில்லை. மூக்கில் கட்டினால் சிகரெட் பிடிப்பது எப்படி? அதையும் இருபது வருஷம் பிடித்துவிட்டுத்தான் விட்டார்.

இந்த வருஷம் தை மாதத்தில் ஓர் இருமல் வந்தது. ஓடாவிக்கு இருமல் வருவதெல்லாம் ஒரு செய்தியா? கொத்தமல்லி அவித்துக் குடித்தார். போகவில்லை. இஞ்சித் தேத்தண்ணி குடித்தார். அதற்கும் போகவில்லை. "தூசி இருமல், மழை பெஞ்சா அடங்கும்" என்று தனக்குத்தானே வைத்தியரானார். மாசியில் மூத்திரத்தில் இரத்தம் கண்டது. ஆம்பிளைகளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்து நிற்கும். மூன்று கிழமை யாரிடமும் மூச்சு விடவில்லை. உடுப்புக் கழுவும்போது சாரத்தில் கறையைக் கண்டு ஆகிலாதான் பிடித்தாள். அவளுடைய அழுகைக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள், இரண்டு கிட்னியிலும் கட்டி தெரிகிறது, நெஞ்சையும் படம் எடுக்க வேண்டும், ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதில் ஆகிலாவின் காதில் விழுந்தது ஒரேயொரு சொல். அன்று பின்னேரம் றுஸ்தாவுக்குப் போன் எடுத்து, "மச்சி, ஒங்கட காக்காக்கு கிட்னி வருத்தமாம்" என்று அழுதாள்.

கிட்னி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வயல் ஊர்களில் கிட்னி பழுதாகி, இரத்தம் கழுவுவதற்குக் கிழமைக்கு இரண்டு நாள் பஸ் ஏறுகிறவர்களை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். சொந்தத்தில் யாராவது ஒன்று கொடுத்தால் பிழைக்கலாம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். றுஸ்தா போனை வைத்துவிட்டுக் குசினி வாசலில் குந்தியிருந்து கால் மணித்தியாலம் அழுதாள். பிறகு சட்டென்று அழுகை நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வெளித்தது. அவள் அதை எனக்குச் சொன்ன மாதிரியே சொல்வதென்றால், பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்ததாம். "எனக்கு ரெண்டு இரிக்கிதானே!" என்று நினைத்தாளாம்.

இந்தச் சந்தோஷத்தை யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். காக்காவுக்கு வருத்தம் என்று அவள் சந்தோஷப்படவில்லை. பன்னிரண்டு வருஷத்தை அப்படியே தூக்கிக் கொடுத்த ஒருவருக்குத் திருப்பிக் கொடுக்க அவளிடம் எந்தக் காலத்திலும் எதுவும் இருந்ததில்லை. பெருநாளைக்குச் சாரமும் சேட்டும் வாங்கிக் கொடுப்பாள், அவர் அதையும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்து பள்ளியில் யாருக்காவது கொடுத்துவிடுவார். இப்போதுதான் அவருக்குத் தேவையான ஒன்று அவளுடைய உடம்புக்குள்ளேயே இருந்தது. யாரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லாத ஒன்று.

அடுத்த நாளே கல்முனைக்குப் போய் இரத்தம் சோதித்தாள். காக்காவின் இரத்த வகையும் அவளுடையதும் ஒன்றாக இருந்தது. முடிவு எழுதித் தந்த கடதாசித் துண்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா என்று மௌலவியிடம் அவருடைய வீட்டார் மூலம் கேட்டாள். ஓர் உயிரைக் காப்பாற்றக் கொடுப்பதற்குத் தடையில்லை என்று பதில் வந்தது. கடைசியாக மாப்பிள்ளையிடம் சொன்னாள். றம்ஸீன் மாஸ்டர் கணக்குப் படிப்பிக்கிறவர், எதற்கும் இரண்டு தரம் யோசிப்பவர்.

"ஒங்களுக்கு ஏதும் ஆகிட்டா?"

"எனக்கு ஒண்டும் ஆகா. ஒண்டோட எத்தனையோ பேர் வாழுறாங்க."

"அப்ப குடுங்க," என்றார் அவர். "காக்காட கூரைக்குக் கீழ இருந்துகிட்டு நான் வேணாமெண்டு எப்பிடிச் சொல்ற?"

அதற்குப் பிறகு ஆறு கிழமை றுஸ்தா தன் இடப்பக்கத்துக் கிட்னியைக் காக்காவின் பொருளாகவே நடத்தினாள். உப்பைக் குறைத்தாள். கருவாட்டை விட்டாள், அது அவளுக்குப் பெரிய காரியம். காலையில் எழும்பினதும் இரண்டு கிளாஸ் தண்ணி குடித்தாள். சாமான் தூக்கும்போது இடுப்பின் இடப்பக்கத்தில் கை வைத்துக்கொள்வாள். கண்ணாடிப் பாத்திரத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை கவனமாகப் பிடிப்போமே, அப்படித்தான். காக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் சம்மதிக்க மாட்டார். டொக்டருக்கு முன்னால் வைத்துச் சொன்னால் தட்ட முடியாது என்று அவள் நினைத்திருந்தாள்.

சித்திரை மாதம் முடிவு சொல்லும் நாள் வந்தது. மீராசாஹிபு, ஆகிலா, றுஸ்தா மூன்று பேரும் டொக்டர் தர்சினியின் முன்னால் இருந்தார்கள். சின்ன வயது டொக்டர், பக்கத்து ஊர் பாண்டிருப்புப் பிள்ளை. அவர் கோப்பைத் திறக்கவும் றுஸ்தா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"டொக்டர், நான் காக்காட கூடப்பிறந்த தங்கச்சி. ஒரே உம்மா வாப்பா. ரத்தமும் ஒண்டுதான், பாத்துட்டன்." கைப்பையிலிருந்த துண்டை எடுத்து விரித்து மேசையில் வைத்தாள். "எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ரெண்டில ஒண்ட எடுங்க. எப்ப வரணுமெண்டு மட்டும் சொல்லுங்க."

மீராசாஹிபு திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. டொக்டர் அந்தத் துண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் வாசித்தார். வாசிப்பதற்கு அதில் ஒரு வரிக்கு மேல் இல்லை.

"அக்கா, இது கிட்னி வருத்தம் இல்ல," என்றார்.

"கிட்னியிலதானே கட்டி எண்டு சொன்னாங்க?"

"கட்டி கிட்னியிலதான் இருக்கு. ஆனா அது அங்க பிறந்ததில்ல. பிறந்தது நெஞ்சுக்குள்ள, வலப்பக்க நுரையீரல்ல. கென்சர். அங்க இருந்து ரத்தத்தோட வெளிக்கிட்டு ரெண்டு கிட்னிக்கும் வந்திருக்கு. கிட்னியில இருந்து ஊசியால எடுத்த துண்டைச் சோதிச்சுப் பாத்தம். அதில இருக்கிறது கிட்னிட கென்சர் இல்ல, நுரையீரல்ட கென்சர்தான்."

ஆகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது என்னத்துக்கு டொக்டர் நெஞ்சை விட்டுட்டு அவ்வளவு தூரம் கிட்னிக்குப் போகணும்?"

"கூடுதலா ஈரலுக்கு, எலும்புக்கு, மூளைக்குத்தான் போகும். சிலருக்குக் கிட்னிக்கும் போகும். இதயம் தள்ளுற ரத்தத்தில ஐஞ்சில ஒரு பங்கு எந்த நேரமும் கிட்னிக்குள்ளாலதான் வடியுது. அவ்வளவு ரத்தம் வடியிற இடத்தில அதோட வாறதும் தங்கும். கனபேருக்கு அது அங்க இருக்கிறதே தெரியாது. இவருக்கு ரத்தம் போனதாலதான் தெரிய வந்தது."

"அப்ப அந்த ரெண்டையும் எடுத்துப்போட்டு என்டத வைங்களேன்" என்றாள் றுஸ்தா. அவளுடைய விரல் இன்னும் அந்தத் துண்டின் மேல்தான் இருந்தது.

டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "வைக்க ஏலாது அக்கா. வேற ஒராளுட கிட்னியை வைச்சா, உடம்பு அதைத் தள்ளாம இருக்கிறதுக்கு ஒரு மருந்து குடுக்கணும். உடம்புக்கு ஒரு காவல் இருக்கு, அந்தக் காவலை அடக்குற மருந்து அது. காவலை அடக்கினா கென்சர் இன்னும் வேகமாப் பரவும். நீங்க குடுக்கிறதே இவருக்குக் கெடுதலாப் போகும்."

றுஸ்தாவுக்கு அந்தக் கடைசி வசனம் மட்டும் விளங்கியது. அது விளங்காமல் இருந்திருக்கலாம்.

அப்போது மீராசாஹிபு தொண்டையைச் செருமினார். மனுஷனுக்குக் குரல் கரகரத்துப் போயிருந்தது, ஆனாலும் பகிடி போகவில்லை.

"அப்பிடியெண்டா டொக்டர், அவர் மாப்பிள்ளை."

டொக்டருக்கு விளங்கவில்லை.

"எங்கட ஆக்கள்ல மாப்பிள்ளை பொண்ணு வீட்டுல வந்து இரிப்பார். ஐம்பது வருஷம் இரிந்தாலும் அவர்ட குடி, அவர் பிறந்த வம்சம், மாறா. உம்மாட குடி என்னவோ அதுதான் அவர்ட குடி. இந்தக் கென்சரும் அப்பிடித்தான். குடி நெஞ்சுட குடி. கிட்னிட வீட்டுல வந்து குந்திக்கிட்டு இரிக்கார். எனக்குப் புது வீடு கட்டித் தந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்கயும் வருவார். நான் சொல்றது சரிதானே?"

"சரி," என்றார் டொக்டர். "நான் இவ்வளவு நேரம் சொன்னதை விடச் சரி." அவர் சிரிக்க முயன்றார். முடியாமல் கோப்பைப் புரட்டினார். "என்ன வேலை செஞ்சீங்க?"

"ஓடாவி. கூரை வேலை."

"சீட் அறுத்திருக்கிறீங்களா? அஸ்பெஸ்டஸ்?"

"கூட அறுத்தது அதுதான்."

"சிகரெட்?"

"இருபது வருஷம். விட்டுப் பத்து வருஷமாகுது."

டொக்டர் எழுதிக்கொண்டார். "ரெண்டும் சேந்தா நெஞ்சுக்கு மிச்சம் கூடாது. ஆனா இதாலதான் வந்தது எண்டு ஒண்டை மட்டும் காட்ட ஏலாது," என்றார்.

றுஸ்தா அந்த இரண்டாவது வசனத்தைக் கேட்கவில்லை. அவளுடைய கண்ணுக்குள் வாங்கும் கைவாளும் வெள்ளைத் தூளும் வந்து நின்றன. வெளியே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையில் புரையேறி இருமினாள். ஆகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போன மீராசாஹிபு அந்த இருமலுக்குச் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் அன்று கவனிக்கவில்லை.

பிறகு மருந்து ஏற்றினார்கள். நெஞ்சுக்கு நல்ல மருந்து என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கிட்னி தாங்காது என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். அதுவும் கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஆடி மாதத்தில் கால் வீங்கியது. சோறு வாய்க்குப் பிடிக்காமல் போனது. கூரைக் கைமரத்தில் நின்று ஆணி அடித்த கை, தண்ணிக் கிளாஸைப் பிடிக்க நடுங்கியது. றுஸ்தா நாளாந்தம் மருதமுனையிலிருந்து கல்முனைக்குடிக்கு வந்தாள். கஞ்சி கொண்டுவந்தாள், அவர் மூன்று கரண்டி குடித்தார். கால் பிடித்துவிட்டாள். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆறு கிழமை கவனமாகப் பார்த்த அந்தக் கிட்னி அவளுக்குள்ளே சும்மா வேலை செய்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் அவளுக்குத் தன் உடம்பின் மேலேயே கோபம் வந்தது.

வீட்டில் படுத்தால் கண்ணுக்கு முன்னால் அந்தக் கூரை. ஒருநாள் பொறுக்க முடியாமல் மாப்பிள்ளையிடம், "இதக் கழட்டுங்க. தகரத்தைப் போட்டுட்டு இரிப்பம். காக்காட உசிரக் குடிச்ச சீட்டுக்குக் கீழ என்னால படுக்க ஏலா" என்று கத்தினாள். றம்ஸீன் மாஸ்டர்தான் மச்சானிடம் போய் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் அவள் போனபோது மீராசாஹிபு தலையணையை நிமிர்த்தச் சொல்லிச் சாய்ந்து இருந்தார். ஆகிலா குசினியில் இருந்தாள்.

"கூரையில கைய வைக்காத," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கியது. "அது கிடக்கிறபடி கிடந்தா ஒண்டும் செய்யா. அறுத்தா, உடைச்சாத்தான் தூள். கழட்டுறதெண்டா தெரிஞ்ச ஆக்களக் கொண்டு, நனைச்சு, முழுசாக் கழட்டணும். நீங்க ரெண்டு பேரும் ஏறி ஒடைக்கிற வேலை வேணாம். மெய்யாச் சொல்லு, ஒடைக்க மாட்டாய்தானே?"

"மாட்டன் காக்கா."

"தங்கச்சி, இஞ்ச கிட்ட வா." அவள் கட்டிலின் விளிம்பில் இருந்தாள். "எனக்குப் பொருந்திக்கொள்ளு. ஹலாலாக்கி விடு."

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாக வந்து இந்தச் சொல்லைக் கேட்பார்கள், நான் ஏதும் தப்புச் செய்திருந்தால் மன்னித்துக்கொள் என்று. திரும்பி வராத பயணம் போகிறவர்களும் கேட்பார்கள். றுஸ்தா தலையை ஆட்டி மறுத்தாள். "நீங்க எனக்கு என்ன செஞ்சீங்க காக்கா, பொருந்துறதுக்கு? நான்தான் ஒங்ககிட்டப் பொருத்தம் கேக்கணும். ஒங்கட வயசெல்லாம் தின்ட நான் கேக்கணும்."

அவர் கையை ஆட்டி அவளை நிறுத்தினார்.

"அண்டைக்குச் சீட் அறுக்கக்குள்ள ஒன்னைப் பிடிக்க வைச்சனே," என்றார். "நீ வாயைத் திறந்து சிரிச்சாய். அவ்வளவு தூளும் ஒன்ட நெஞ்சுக்குள்ளயும்தானே போயிரிக்கும்."

றுஸ்தாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"டொக்டர் சீட்டைப் பத்திக் கேட்டாவே, அந்த நேரத்தில இருந்து எனக்கு இதுதான் யோசனை. என்ட நெஞ்சைப் பத்தி இல்ல. நான் சிகரெட் குடிச்சன், சீட் அறுத்தன், வந்திட்டு. நீ என்ன செஞ்சாய்? நீ இருமக்குள்ளயெல்லாம் எனக்கு ஈரக்குலை நடுங்குது. நான் கூலிக்கு ஒராளப் பிடிச்சிரிந்தா ஒன்னைக் கூப்பிட்டிரிக்க மாட்டன். என்ட கையால நானே ஒனக்கு..." அவர் அழுதார். வாப்பா மவுத்தான அன்றும் அழாத மனுஷன், உம்மாவை அடக்கிவிட்டு வந்து பேசாமல் குந்தியிருந்த மனுஷன், ஒரு பிள்ளையைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார்.

அவள் கொடுக்க வந்ததை வாங்கிக்கொள்ள முடியாதவர் இந்த நாலு மாதமும் படுக்கையில் கிடந்தபடி அவளுடைய நெஞ்சையே யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். றுஸ்தா அவருடைய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"பொருந்திக்கிட்டன் காக்கா. அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கிட்டன்."

"படம் ஒண்டு எடுத்துக்கொண்டு வா. நான் பாக்கணும்."

அடுத்த நாளே அவள் போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தாள். எடுத்த இடத்தில் டொக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றுமில்லை, இந்தத் தூள் பல வருஷம் கழித்தும் தெரியக்கூடும், ஆனபடியால் இடைக்கிடை வந்து காட்ட வேண்டும் என்றார். அந்த இரண்டாவது பாதியை அவள் காக்காவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அந்தப் படத்தை நீட்டியபோது மீராசாஹிபு அதை வாங்கிக்கொள்ளவில்லை. யன்னலைத் திறக்கச் சொன்னார். ஆகிலா யன்னலைத் திறந்தாள். பிறகு படத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். புதுச் சீட் இறங்கும்போது அதில் ஊசித்துளை ஏதும் இருக்கிறதா என்று வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பாரே, அதே மாதிரி மேலிருந்து கீழாக, ஒரு மூலையும் விடாமல் பார்த்தார். அவருக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

"ஒழுகல்ல," என்றார்.

"ஒழுகல்ல காக்கா."

"அப்ப சரி."

படத்தைத் தலையணைக்குக் கீழே வைக்கச் சொன்னார். அன்று பின்னேரம் றுஸ்தா கொண்டுவந்த கஞ்சியில் பாதிக் கோப்பை குடித்தார். அவளுக்கு அது பெருநாள். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அவள் சிரித்துக்கொண்டே அழுததாகப் பக்கத்தில் இருந்த பெண் பிறகு சொன்னாள்.

நாலாம் நாள் விடியற்காலை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு மீராசாஹிபு மவுத்தானார். ஆகிலா யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள், றுஸ்தா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பள்ளிவாசலில் அறிவித்தபோது, இத்தனை வருஷம் கல்முனைக்குடியில் வாழ்ந்தவரை மருதமுனை மீராசாஹிபு என்று, உம்மாவின் குடிப் பெயரையும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள். மாப்பிள்ளை பற்றி அவர் சொன்ன பகிடி றுஸ்தாவின் நினைவுக்கு வந்தது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கினார்கள். அவர் கூரை போட்ட வீடுகளின் ஆம்பிளைகள் மாறி மாறித் தோள் கொடுத்தார்கள். தலையணைக்குக் கீழே இருந்த படத்தை ஆகிலா எடுத்து றுஸ்தாவின் கையில் கொடுத்தாள்.

ஆவணி போய், புரட்டாதி போனது. ஐப்பசியில் ஒருநாள் பகல், உச்சி திரும்பிய நேரம், கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து மாரியின் முதல் மழை கொட்டியது. றுஸ்தா அடுப்பிலிருந்த கறியை இறக்கி வைத்தாள். விறாந்தைக்கு வந்து கதிரையில் இருந்தாள். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது, ஆனாலும் எழும்பவில்லை. றம்ஸீன் மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்து, அவளைப் பார்த்து, மடியிலிருந்த போனைப் பார்த்து, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

மழை சீட்டின் மேல் அடித்தது. ஒரு மணித்தியாலம் அடித்தது. குசினியிலோ அறையிலோ விறாந்தையிலோ ஒரு சொட்டு விழவில்லை. போனும் அடிக்கவில்லை.

"ஒழுகல்ல காக்கா," என்றாள் றுஸ்தா.